ஆறு இறாத்தல் விசை

மூன்று வருடமாக ஒவ்வொரு கார்த்திகையும் நீக்கிலாப்பிள்ளை மான் வேட்டைக்குப் போய்வந்தார். மூன்று முறையும் வீட்டுக்கு வந்தது ஆட்டிறைச்சிதான். அதுவும் வெக்ஸ்போர்ட் இறைச்சிக்கடையில் காசு கொடுத்து வெட்டுவித்தது.

காருக்குப் பிளாஸ்டிக் கைபிடி வார்க்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கிருந்த போர்மன்தான் அவரை முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவர். சோதனை எழுதி லைசன்ஸ் எடுத்து, பழைய வேட்டைத் துவக்கு ஒன்றும் வாங்கிக்கொண்டார். வருடத்தில் ஐந்து நாள். பிளாஸ்கில் தேத்தண்ணியோடு பனி தூவிய மரத்தடியில் குந்தியிருப்பார். மெஷின் இரைச்சல் இல்லை, டெலிபோன் இல்லை. அந்த ஐந்து நாளுக்காகவே மிச்ச முந்நூற்றறுபது நாளும் அவர் மூச்சு விட்டார்.

மான் வராமலில்லை. ஒவ்வொரு வருடமும் வந்தது, நின்றது, காதை ஆட்டி அவரைப் பார்த்தது. பிறகு போய்விட்டது.

"துவக்கின்ர விசை சரியான இறுக்கம்," என்பார் மனைவி வேரோனிக்காவிடம். "நான் இழுத்து முடிக்கிறதுக்கிடையில மான் எங்கட சனம்மாதிரி மார்க்கம் டவுனுக்குப் போய் வீடும் வாங்கியிடும்."

தொண்ணூற்றாறு புரட்டாதியில் வேரோனிக்காவின் பொறுமை அறுந்தது. நத்தார் பண்டிகைக்கு மான்கறி என்று கோயில் பாட்டுக்குழு மரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

"ஒண்டில் புது விசை பூட்டுங்கோ. இல்லையெண்டால் துவக்கை வித்துப்போட்டு, கார்த்திகையில வீட்டில இருங்கோ."

அடுத்த சனிக்கிழமை இருவரும் துவக்குக் கடையில் நின்றார்கள். நரைத்த தாடிக் கடைக்காரர் துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று இரண்டுதரம் பார்த்துவிட்டு, கட்டைகளில் பூட்டிய, இழுத்துப் பார்க்கும் மாதிரி விசைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் இழுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று பவுண்ட் கணக்கில் ஆங்கிலத்தில் விளக்கினார்.

"என்னவாம்?" என்றார் வேரோனிக்கா.

"இது ரெண்டரை இறாத்தல். உது நாலு. அங்கால கிடக்கிறது ஆறு."

"விசை கேட்டால் பேக்கரிக்காரன்மாதிரி இறாத்தல் கணக்கில பாண் விக்கிறாரோ?"

சொல்லிக்கொண்டே ரெண்டரை இறாத்தல் விசையில் விரலை வைத்தார். 'டிக்' என்றது. "தொட முதலே போகுது. இதை எடுங்கோ."

நீக்கிலாப்பிள்ளை அந்தக் கட்டையை மெல்லத் தள்ளி வைத்தார். இந்த விசையோடு போனால் சாட்டுச் சொல்ல ஒன்றுமிராது. சுடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து நாளும் போய்விடும்.

கடைக்காரர் கொக்கி வைத்த சிறு தராசு ஒன்றைப் பழைய விசையில் கொளுவி இழுத்தார். முள் மூன்று இறாத்தலில் நின்றது. இதற்கு ஒரு குறையும் இல்லையே, இலேசாகத்தானே இருக்கிறது என்றார் ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் வேரோனிக்காவுக்கும் விளங்கியது.

மூன்று வருடப் பொய் கண்ணாடி மேசைமேல் செத்த மீன்போல மல்லாந்து கிடந்தது. நீக்கிலாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்டை உயிரோடு சட்டியில் போடும்போதெல்லாம் குசினியை விட்டு ஓடுகிற மனுசன் அவர். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதை ஒளிப்பது?

"சுட மனமில்லை, என்ன?" வேரோனிக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"அது நிமிர்ந்து என்னைப் பாக்குதப்பா."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

"சும்மா இருக்க."

வேரோனிக்கா கடைக்காரரைப் பார்த்து, ஆறு இறாத்தல் விசையை விரலால் சுட்டிக்காட்டினார். அது கல்லுப்போல இறுக்கம், மான் வேட்டைக்கு ஒருவரும் வாங்குவதில்லை என்று கடைக்காரர் தடுத்தார். சுட்டிய விரல் அசையவில்லை.

"பூட்டட்டும்," என்றார் கணவரிடம். "இனி விசை இறுக்கம் எண்டு சொன்னால் பொய்யாயிராது."

நீக்கிலாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. தும்முவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மரியம்மாவுக்கு என்ன சொல்லுவீர்?"

"அவ எங்க மான் திண்டவ? மிளகைக் கூடப் போட்டால் மான்தான். திரும்பி வரேக்க வெக்ஸ்போர்ட்டில ஆறு இறாத்தல் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வாங்கோ. கொழுப்பைக் கழிச்சு வெட்டுவியுங்கோ. மான் ஓடித் திரியிற சீவன்."