நூற்றெழுபத்தாறு வசனமும் ஒரு சட்டிப் பால்கோவாவும்

1. அடிப்பிடித்த அன்று

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலாளி கடையில் பதினாறு வருடம் பால்கோவா கிண்டினேன். அதில் நான் அடிப்பிடிக்க விட்டது ஒரே ஒரு சட்டி. வேறு எந்த மாஸ்டரையும் இப்படிச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்த ஒரு சட்டியும் வேதம் வாசித்ததால் கெட்டது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் தினமும் வேதம் வாசிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி வாசிக்கக் கூடாது என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மனைவி ரோசம்மாள். ஆதியாகமத்தில் தொடங்கி, ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், வரிசையாக வாசித்து வந்தேன். வம்ச வரலாறுகளைக்கூட நான் தாண்டியதில்லை. படித்தவர்கள் தாண்டுவார்கள்.

வாசிக்க நேரம் அடுப்புக்கு முன்னால்தான். எதிர்ச் சுவரில் ஒரு பலகை அடித்து வேதத்தை விரித்து வைத்திருந்தேன். பால் சுண்டத் தொடங்கும்போது அதிகாரத்தைத் தொடங்குவேன். கை துடுப்பைப் போட்டுக் கிண்டும், வாய் எழுத்துக் கூட்டும். அதிகாரம் முடியும்போது சீனி போடும் பதம் வந்திருக்கும். சின்ன அதிகாரம் என்றால் இரண்டு தடவை வாசிப்பேன். கடிகாரம் எதற்கு?

"தொடங்குன அதிகாரத்த முடிக்காம இந்தச் சாமுவேலு தல நிமிர மாட்டான்" என்று கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அங்கேதான் வினை.

அன்றைக்கு ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பத்து மணி பஸ்ஸில் பால்கோவா போயாக வேண்டும். எனக்கு அன்றைய பங்கு சங்கீதம் நூற்றுப்பத்தொன்பது. வேதத்திலேயே பெரிய அதிகாரம் அதுதான், நூற்றெழுபத்தாறு வசனம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாளுக்கு முன் வந்த நூற்றுப்பதினேழில் இரண்டே வசனம். அந்த நினைப்பில் தொடங்கினேன். நாற்பது வசனம் தாண்டியது, முடியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன், முடியவில்லை. இன்னொரு பக்கம் திருப்பினேன். அங்கும் அதே சங்கீதம்தான்.

விறகு தள்ளும் மாரியப்பன் மூக்கைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, ஏதோ வாட வருது."

"பக்கத்துக் கடையா இருக்கும்ல."

"பக்கத்துக் கடை பூட்டிக் கெடக்கு."

"இன்னும் முடியலல. செத்த நேரம் சும்மா இரு."

அவன் முன்னால் தலை நிமிர மனம் வரவில்லை. துடுப்பு மேலாகவே சுற்றிக்கொண்டிருந்தது, அடியைத் தொடவில்லை. தொண்ணூறாவது வசனத்தில் புகை கண்ணில் ஏறியது.

முதலாளி ஓடி வந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுத் துப்பினார். "என்னலே இது? கல்யாண வீட்டுக்குக் கரியவா அனுப்பச் சொல்லுத?"

என் வாயிலிருந்து தானாக வந்தது: "பாலுல மாவு கலந்திருக்கு மொதலாளி. அதான் பிடிச்சிட்டு."

2. பேச்சியம்மாள் சொன்னது

அந்தச் சட்டிக்குப் பால் ஊற்றியது எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் குன்றுக்குப் போகிற வழியில் குடியிருந்த பேச்சியம்மாள். இரண்டு எருமைதான் அவள் வீட்டுக்குச் சோறு போட்டன. மற்றவர்கள் பாலில் வேறு சட்டி ஏற்றி எப்படியோ பஸ்ஸில் அனுப்பிவிட்டோம். சாயங்காலம் அவள் பாலோடு வந்தபோது முதலாளி, "நாளையில இருந்து வராத" என்று சொல்லிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று தயாராக நின்றேன்.

"அண்ணாச்சி, நீங்களா சொன்னிய?"

"ஆமா."

கேனைக் கீழே வைத்தாள். "தெனமும் வேதம் படிக்கிற மனுசன் பொய்யா சொல்லுவாரு? அப்பம் எங்க வீட்டுலதான் யாரோ கலந்திருக்காவ. கறக்கது நானு. அளந்து ஊத்துறது மருமவ."

கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

3. ஏழு வசனம்

மறுநாள் சங்கீதம் நூற்றிருபது. ஏழே வசனம். இரண்டு தடவை வாசிக்கலாம் என்று உற்சாகமாகத் தொடங்கினேன். பொய் பேசும் உதடுகளிலிருந்து தன்னைத் தப்புவிக்கும்படி ஒருவர் கர்த்தரிடம் கெஞ்சுகிறார். எனக்குச் சந்தோஷம். என்னைப் பற்றிப் பொய் பேசுகிறவர்களின் பெயர்கள் மனதில் வரிசையாக ஓடின. நாலாவது பெயருக்கு வரும்போதுதான் உறைத்தது. இந்த ஜெபத்தைச் செய்ய வேண்டியது நான் இல்லை, பேச்சியம்மாள். அந்த உதடு என்னுடையது.

அதிகாரம் முடியாமல் நானாகத் தலை நிமிர்ந்தது அன்றுதான். சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, பாலுல மாவு இல்ல. அடி தட்டாம கிண்டுனது நான்தான்."

"ஏம்ல?"

"அதிகாரம் முடியல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன் அதிகாரம் முடியலன்னு ஒரு கல்யாணத்தையே கருக்கப் பாத்தியே! எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? சைக்கிள எடுத்துட்டு அந்தம்மாட்ட போயிச் சொல்லு. மாரியப்பா, இவன் போயிட்டு வாரதுக்குள்ள அந்தப் பலகையக் கழத்து."

நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாளின் மருமகள் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றாள். செட்டியார்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். கண் வீங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்கள நம்பி எம் மருமவள நம்பாமப் போயிட்டனே அண்ணாச்சி."

மருமகள் அழவில்லை. "அத்த, இந்தப் பெட்டிய நான் தூக்க மாட்டேன். அண்ணாச்சியே உள்ள கொண்டு வைக்கட்டும். எங்க இருந்துச்சோ அங்க."

தூக்கி வைத்தேன். நிறைந்த பால் கேனை ஒற்றைக் கையால் தூக்குகிறவன் நான். அந்தப் பெட்டிக்கு இரண்டு கையும் போதவில்லை.

4. அதற்குப் பிறகு

மறுநாள் பேச்சியம்மாள் பாலோடு வந்தாள். ஊற்றாமல் கேனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னைக்கு எத்தன வசனம் அண்ணாச்சி?"

"எட்டு."

"அப்பம் ஊத்தலாம்."

கடையே சிரித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இதே கேள்விதான். வேதத்தைத் தொட்டே பார்க்காத அந்தப் பெண்ணுக்கு எது பெரிய அதிகாரம், எது சின்னது என்று எங்கள் போதகரைவிட நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் நான் சொந்தக் கடை போட்டபோது முதல் பால் அவள் வீட்டுப் பால். அளந்து ஊற்றியது அந்த மருமகள்.

வேத வாசிப்பை நான் விடவில்லை. அடுப்புக்கு முன்னால் வாசிப்பதை விட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, கையைச் சும்மா வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். முழு வேதத்தையும் பதினொரு தடவை முடித்திருக்கிறேன். எங்கள் சபையில் வேறு யாராவது முடித்திருந்தால் கை தூக்கட்டும்.

ஆனால் பிள்ளைகளே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நூற்றெழுபத்தாறு வசனத்தை நான் அன்று மத்தியானமே வாசித்து முடித்துவிட்டேன். மறுநாள் வந்த ஏழு வசனம் இன்னும் முடியவில்லை.