யாருக்காகப் பாடியது

பருத்திப்பட்டில் நாங்கள் குடியேறிய புதிதில், அதே தெருவில் இருந்த கானாப் பாடகர் ஒருவர் பழக்கமானார். பிழைப்புக்கு அம்பத்தூர் தொழிற்சாலையில் லேத் வேலை. துக்க வீடுகளில் இறந்தவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுவார். அதில்தான் அவருடைய மனசு இருந்தது.

ஒரு மழைநாளில் கைப்பேசி தண்ணீரில் விழுந்து, எழுதிவைத்த பாட்டுகளில் பாதி போய்விட்டது. மிச்சத்தையாவது இணையதளத்தில் போட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

பாட்டுகளைச் சேமித்துவைக்க சர்வரில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, தளத்தை நடத்தும் மென்பொருளோடு இணைத்தேன். பாட்டுக்குத் தலைப்பு கேட்டேன். தலைப்பெல்லாம் கிடையாது, யாருக்காகப் பாடியது என்பதுதான் கணக்கு என்றார். ‘யாருக்காக’ என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கினேன். முதல் பாட்டைச் சேமித்துத் திறந்தால், திரை முழுக்கக் கேள்விக்குறிகள். டேட்டாபேஸ் ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும்படி அமைந்திருந்தது.

அவர் திரையருகே குனிந்து பார்த்தார். “இன்னா சார், ஆளே காணோம்” என்றார்.

அதை அழித்துவிட்டுத் தமிழை ஏற்கும்படி புதிதாக அமைத்தேன். இந்த முறை ஆவடி மார்க்கெட்டில் மீன் விற்ற ஒரு அம்மாவின் பெயர் முழுசாக வந்தது. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தவர், தன்னை அறியாமல் பாடவே தொடங்கிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு என் மனைவி வந்து நின்று கேட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்திருக்கிறார். குடியால் இறந்துபோன அந்தப் பெண்மணியின் கணவரைப் பற்றிய பாட்டும் தளத்தில் இருந்தது. ரோட்டோரம் விழுந்து கிடந்ததெல்லாம் அதில் வரும். வேலப்பன்சாவடியில் கல்லூரியில் படிக்கும் மகளிடம், கூடப் படிப்பவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்களாம்.

பாடகர் நேராக என்னிடம் வந்தார். அழிக்க வேண்டாம், நம்மைத் தவிர யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிடலாம் என்றேன். அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம், எதையும் அழிப்பதில்லை.

“மறைச்சாலும் உள்ள கீதுல்ல சார்? அன்னிக்கு எல்லாரும் சேந்து அழுதாங்க, பாடுனேன். அந்தப் பொண்ணு தனியா அழுவறதுக்கு நான் பாடல.”

பாட்டை அழித்தேன். நகலாக எடுத்து வைத்திருந்ததிலிருந்தும் நீக்கினேன். தன் கைப்பேசியில் இருந்ததை அவர் என் எதிரிலேயே அழித்தார். அது வரை நான் அதை வெறும் தகவலாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. அதன் பிறகு, அந்தந்த வீட்டில் கேட்காமல் எதையும் அவர் தளத்தில் ஏற்றச் சொல்வதில்லை. வேண்டாம் என்றவர்களும் உண்டு, புகைப்படத்தோடு வந்தவர்களும் உண்டு.

ஒருநாள் அந்தப் பெண்ணே ஏரிக்கரையில் அவரை நிறுத்தியிருக்கிறாள். “எங்கப்பா எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தது பாட்டுல வந்துச்சே. அத்த மட்டும் சொல்றீங்களா?”

அந்த அடிகள் அவருக்கு மனப்பாடம். அங்கேயே உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பாடினாராம். அதைத் தளத்தில் ஏற்றலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.