லியோனின் கடதாசிச் சோதனை

லியோன் இன்றைக்கும் சித்திரக் கொப்பியின் மூலையை நக்கிப் பார்க்கிறார். இப்படி மூவாயிரம் கடதாசிகளை நக்கியே தரம் சொன்ன மனிதர் என் பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் ஊர் முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன். மூவாயிரம் கொஞ்சம் அதிகம்தான். முந்நூறு இருக்கும், அதுவும் கொடுமைதான்.

கொழும்புத்துறைக் கரையில் கிடக்கும் வள்ளங்களில் பாதிக்கு மேல் அவர் கையால் பெயர் எழுதியவை. ஒரு பேணி இனாமல் பெயின்ற், தின்னரில் கழுவிய ஒரு பழைய பிரஷ். கோடு கீறாமல், அளவெடுக்காமல், வாயில் பீடியோடு 'ஆரோக்கிய மாதா' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார். அந்த மனிதருக்குக் கடதாசியைக் கண்டால் மட்டும் சந்தேகம் வந்துவிடும். சோதிக்காமல் ஒரு புள்ளி வைக்கமாட்டார்.

கொப்பிகள், கனடாவிலிருந்து மகள் ஷெரோன் அனுப்புபவை. பென்சில், மை, நீர்வர்ணம், அக்ரிலிக், எதைப் போட்டாலும் தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததை நம்புகிற ஆள் அல்ல லியோன். அடிமட்டம் வைத்துப் பக்கத்துக்கு எட்டுப் பெட்டி கீறுவார். பெட்டிக்கு ஒரு சாயம். பெருவிரலால் தேய்ப்பார், வெயிலுக்குப் பிடிப்பார், பின்பக்கம் ஊறியதா என்று திருப்பிப் பார்ப்பார். பிறகு கீழே பரீட்சை முடிவு எழுதுவார். பென்சில், சித்தி. மை, சித்தி. நீர்வர்ணம், பெயில்.

நீர்வர்ணம் ஒருநாளும் தேறியதில்லை. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். "தேமல் பிடிச்ச பேப்பர், ரீச்சர்" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். குளிர்நாட்டுக் கடதாசி, நம் வெயில் தாங்காமல் வேர்க்கிறது என்று ஒருநாள் பகிடிக்குச் சொல்லிவைத்தேன். மனிதர் அதை அப்படியே மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, வேர்க்காத கடதாசி கேட்டுவிட்டார்.

முழுப் புள்ளி வாங்கிய ஒரே சாயம், அவருடைய மனைவி யோசப்பின் ஒருநாள் கைதவறிச் சிந்திய தேத்தண்ணி. அதைச் சுற்றியும் பெட்டி கீறி, 'நூற்றுக்கு நூறு' என்று எழுதினார்.

அந்த யோசப்பினை வரைந்து தருவதாக லியோன் வாக்குக் கொடுத்து ஆறு கொப்பி தீர்ந்துவிட்டது. நாளைக்கு அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். இன்று காலை யோசப்பின் தன் கல்யாணச் சேலையை உடுத்து, பவுடர் போட்டு, முற்றத்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் லியோனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது கொப்பியில் மிச்சம் ஒரே ஒரு பக்கம். லியோன் அதில் அடிமட்டத்தை வைத்தார்.

"இஞ்சேருங்கோ, உதிலையும் பெட்டியோ கீறப்போறியள்?"

"கொஞ்சம் பொறும். கடைசிப் பேப்பர் எப்பிடியெண்டு பாக்கவேணுமெல்லே."

"நீங்கள் பாத்து முடிக்கேக்கை நான் சவப்பெட்டிக்குள்ளை கிடப்பன்."

"ஷெரோனிட்டை இன்னொரு கொப்பிக்குச் சொல்லியிருக்கு. வேர்க்காத சாதி."

யோசப்பின் எழுந்து வந்தார். கொப்பியைப் பறித்து, நேற்றுச் சோதித்த பக்கத்தைத் திருப்பி அவர் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"எப்பவும் வெறும் மூலையைத்தானே நக்கிறியள்? உந்தப் பூத்த இடத்தை ஒருக்கால் நக்கிப் பாருங்கோவன்."

லியோன் நக்கினார். முகம் சுருங்கியது.

"உப்பு."

"வேர்வை உப்பாய்த்தானே இருக்கும்" என்றேன் நான், விட்டுக்கொடுக்காமல்.

"உங்கடை பகிடியை விடுங்கோ ரீச்சர். கடதாசி எங்கையாவது வேர்க்குமே? இந்த மனுசன் பிரஷ் தோய்க்கிறது எங்கடை உப்புக் கிணத்துத் தண்ணியிலை. தேத்தண்ணிக்கு நான் வைக்கிறது பவுசர் லொறியிலை வாற நல்ல தண்ணி."

பிரஷ் நின்ற யோகட் கப்பைக் குரோட்டன் செடியடியில் கவிழ்த்துவிட்டு, குசினிக் குடத்திலிருந்து நிறைத்துக்கொண்டு வந்து வைத்தார். மறுபடி கதிரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, நாடியை உயர்த்தினார்.

லியோன் அடிமட்டத்தை எடுத்து என் மடியில் போட்டார்.