கிரைண்டர் நின்ற சத்தம்

இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மிக்சி சட்டென்று நின்றால் என் நெஞ்சு பதறும். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள் நான். பயப்படுவதை மட்டும் விடவில்லை.

மலேசியாவில் கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். ஏழைப் பெண்களுக்கான உதவித் திட்டத்தில் அம்மாவுக்கு ஒரு பெரிய கிரைண்டர் கிடைத்தது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ஊறவைத்த அரிசியோடு மத்தியானமே வந்துவிடுவார்கள். திட்டத்து மேடம் மாதாமாதம் சிரம்பானிலிருந்து காரில் வந்து பார்ப்பார். அவர் வரத் தொடங்கியதிலிருந்து அப்பா அம்மாவை அடிப்பதில்லை.

ஒருநாள் மேடம் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தார். திட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே நான் அப்பாவின் பெல்ட்டை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம், அம்மா எங்கள் வீட்டு மாவை அரைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா தண்ணி போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மேடம் போயாச்சு. இனிமே யாருகிட்ட போயி சொல்லுவே?" என்று அம்மாவின் கொண்டையைப் பிடித்தார். பெல்ட்டுக்கு வேலையே இருக்கவில்லை.

அம்மா கத்தவில்லை. கையை நீட்டி சுவிட்சை அமுக்கினார். கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. லயமே மூச்சை அடக்கியது போலிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை மாவு வாங்கும் பேசினோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னா அண்ணி, மிஷின் நின்னுருச்சு?"

அவர் பின்னால் இன்னொருத்தர், இன்னொருத்தர். வாசல் அடைபட ஏழு பேர், ஏழு பேசின்கள். சாமி வந்து இறங்கியது மாதிரி எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"நீங்க பேசுங்கண்ணே. நாங்க மாவுக்குத்தான் வந்தோம்லா," என்றார் அத்தை. ஆனால் ஒருத்தரும் நகரவில்லை.

அப்பாவின் கை தானாகக் கீழே இறங்கியது. குளிக்கப் போய்விட்டார்.

ஏழு பேரும் தங்கள் மாவை மத்தியானமே வாங்கிப் போயிருந்தார்கள். பேசின்கள் எல்லாம் காலி. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. மகிமையெல்லாம் அந்த சுவிட்சில்தான் என்று நம்பினேன். அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அதன் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

அடுத்த வருஷம் கிரைண்டர் புகைந்து செத்துப்போனது. நான் அழுத அழுகையைப் பார்த்து அத்தை சிரித்தார்.

"மிஷின்தானடி கெட்டுப்போச்சு? நாங்க இருக்கோம்லா."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒயரை மறுபடி சொருகி, சுவிட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.