எடுக்காத அழைப்புக்கு ஒரு கைப்பேசி

எங்கள் வீட்டில் காலையில் கைப்பேசி அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம். மலேசியாவில், மெர்கோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா இதைப் பார்த்துவிட்டு, எனக்கும் யாரோ ஒருவருக்கும் சண்டை என்று முடிவே கட்டிவிட்டார். சண்டையெல்லாம் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்தில் தனியாக இருக்கும் என் அம்மா இணையச் செயலியில் கொடுக்கும் மிஸ்டு கால் அது. இரண்டு முறை அடித்து நின்றால் எழுந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அப்பா போன பிறகு அவளாகவே வைத்த ஏற்பாடு. "தெனம் என்னத்தடி பேசறது? அடிச்சா உசுரோட இருக்கேன்னு வச்சுக்க" என்றாள். இணையத்தில் பேசக் காசே ஆகாது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தேநீரே இறங்கும்.

பழைய கைப்பேசி செத்துப்போனதும் கணவர் செல்வம் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். இங்கேயே செர்டாங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பளபளப்பு என்றால் அவருக்குப் பிடிக்கும். சில நாளில், ஒரு காலை அது அடிக்கவில்லை. நான் கூப்பிட்டேன், அம்மா எடுக்கவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விமான டிக்கெட் வரை மனம் போய்விட்டது. வெகுநேரம் கழித்து எடுத்தாள். ரேஷன் கடை வரிசையில் நின்றாளாம். "நான் குடுத்தேன்டி. ஒம் போனுக்குத்தான் காது செவிடு."

வாங்கிய கடைக்கே எடுத்துப் போனோம். கடைப்பெண் புவனா விளக்கினாள். உள்ளே எல்லாம் ஒரே ஆண்ட்ராய்டுதானாம். அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு முகப்பை மாட்டிவிடுகிறது. இந்த முகப்பு பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, நாம் தொடாத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அம்மாவின் அழைப்பு வரும் செயலியை நான் தொட்டதே இல்லையே! அம்மா வேண்டாத ஆள் என்று அதுவாகவே தீர்மானித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஒரு தடவ எடுத்துப் பேசிருங்கக்கா, அப்புறம் தூங்காது. கேமரா பாகுஸ்லா இதுல, ரொம்ப நல்லாருக்கும்!"

"எடுக்க மாட்டேன்மா."

"எடுக்காத காலுக்கு எதுக்குக்கா ரிங்?"

செல்வம் அவள் பக்கம் சாய்ந்தார். "அத்தைய காலைல ஒரு மெசேஜ் போடச் சொல்லுலா. பிரச்சன முடிஞ்சிச்சு."

"எங்கம்மா எதுக்கு மாறணும்? போன் மாறட்டும்" என்றேன்.

புவனா அமைப்புகளுக்குள் போய் எதையோ மாற்றிக் கொடுத்தாள். அடுத்த அப்டேட் வந்ததும் அது மறுபடி செவிடானது. மறுபடி அதே சமையலறைத் தரை. அன்றே செல்வத்தோடு திரும்பப் போனேன். மேலே முகப்பு எதுவும் மாட்டாத, விற்காமல் மூலையில் கிடந்த ஒரு மந்தமான கைப்பேசியைக் காட்டினாள். என் சிம்மையும் அந்தச் செயலியையும் போட்டு, தூங்குகிறதா என்று பார்க்க மேசையில் கிடக்க விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து, செல்வத்தின் கைப்பேசியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். மேசையில் கிடந்தது அடித்தது. புவனா பதறினாள். "எடுங்கக்கா! எடுங்க!" நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு முறை அடித்து நின்றது. இதே போதும் என்றேன். இதில் படம் மங்கலாக விழும், தீபாவளிக்கு எடுத்தால் யார் முகமும் தெரியாது என்று செல்வம் முணுமுணுத்தார். தெரியாவிட்டால் போகட்டும்.

புதிய கைப்பேசி அல்லவா, விவரம் கேட்டது. உங்கள் வீடு எங்கே? மெர்கோங் என்று செல்வம் தட்டப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். அறந்தாங்கியையும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். ஒன்றுதான் போட முடியும் என்றாள் புவனா. அப்படியானால் காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

இப்போது தினமும் காலையில் அம்மாவின் தவறிய அழைப்பு திரையில் வந்து நிற்கிறது. அதன் கீழேயே, 'வீட்டைச் சேர்க்கவும்' என்று கைப்பேசி கேட்கிறது. கேட்டுக்கொண்டே கிடக்கட்டும்.