ஹேர்பர்ட்டின் தலைமாட்டுக் கல்

பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பிய மவுறீனிடம், ஊர் கேட்டு வாங்கிய அறிவு ஒன்றே ஒன்றுதான்: மோதிரக் கல். புளியந்தீவில் அவள் விஞ்ஞானம் படிப்பித்த காலம் முழுக்க, வங்கி முகாமையாளர்களும் மாப்பிள்ளை வீட்டாரும் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

"ரீச்சர், இது என்ட ராசிக்குச் சரிவருமா?"

கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "கண்ணாடி" என்பாள். அதன்பிறகு அவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. உறவுக்காரர்கள் அவளுக்குக் கல்லு ரீச்சர் என்று பெயர் வைத்தார்கள். தரையில் பதித்த ஓடு பளபளத்தாலே அதை மார்பிள் என்று சொல்லித் திரியும் கூட்டம் அது. அவர்கள் வைத்த பெயருக்காகக் கோபப்படுவதுகூட வீண் என்று அவள் நினைத்தாள்.

கணவர் ஹேர்பர்ட் ஒருவருக்குத்தான் அவளுடைய இளக்காரத்திலிருந்து விலக்கு. லேத் பட்டறை வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். இன்றைக்கு ஒன்று கேட்டால் பதில் நாளைச் சாப்பாட்டு மேசைக்கு வரும். ஒருமுறை உழவு மெஷின் திருத்தக் கரடியனாற்றுக்குப் போனபோது அவளும் கூடப் போனாள். வயல் வட்டை ஓரத்துப் பாறையொன்றில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார்கள். பாறையில் வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடின. வெள்ளை வரி குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும்; கறுப்பு வரி மைக்கா. பூமிக்குள் ஆழத்தில் கிடந்து, சூட்டிலும் அமுக்கத்திலும் உருகாமலே, ஒவ்வொரு கனியமும் தன் இனத்தோடு ஒதுங்கி வரியானது என்றாள். குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஒட்சிசனைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு ஒட்சிசனும் இரண்டு சிலிக்கனுக்குக் கை கொடுத்திருக்கும். சும்மா தொங்கும் கை ஒன்றும் இல்லை, அதனால்தான் அந்த உறுதி என்றும் சொன்னாள். ஹேர்பர்ட் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் சொன்னார்: "எனக்கு அந்தக் கல்லுப் போதும், மவுறீன்."

போன மாரியில் அவர் இறந்தார். அவள் கரடியனாற்றுக் கல்லுடைப்புக்காரரிடம் சொல்லி, அதே வரியோடிய பலகைக் கல்லொன்றை எடுத்து, பெயரையும் வெட்டுவித்துத் தயாராக வைத்திருந்தாள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாக் குடும்பமும் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி ஏற்றும். அதற்கு முன் அந்தக் கல் அவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குக் குறுக்கே நின்றான் ஹேர்பர்ட்டின் தம்பி கிளென். குடும்பத்துக் கல்லறை நிலம் அவன் பெயரில் இருந்தது; வேறு பெரிதாக அவனிடம் ஒன்றும் இல்லை.

"அண்ணன்ட தலைமாட்டில அம்மிக்கல்லா, மச்சாள்? மம்மாட கல்லு மார்பிள். பக்கத்தில கிடக்கிற மகனுக்கும் அதுதான். மெல்பேர்ன்ல இருந்து அக்கா ஆக்கள் வாறாங்க, பாத்தா என்ன சொல்லுவாங்க?"

வெள்ளை மார்பிள் பலகையொன்றை ஏற்கனவே இறக்கி, சாக்கால் மூடிக் கல்லறை மதிலோடு சாத்தியிருந்தான். எழுத்து வெட்டுகிறவன் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

மார்பிளோடு அவளுக்குப் பகையில்லை. அது கல்சைற்று. கடற்சிப்பி ஓடுகள் படிந்து இறுகி, பிறகு நிலத்துக்குள் வெந்து, சீனிமணிபோல மின்னும் பளிங்குகளாகக் கட்டிப்பட்ட கல்சியம் காபனேற்று. அதுவும் ஒரு நேர்மையான கல்தான். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகவே அதைக் கும்பிடுகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது.

அன்று அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, கிளென் தாயின் கல்லுக்கு முன்னால் கம்பி பிறஷோடு குந்தியிருந்தான். அவன் மனைவி றொஷெல் குடை பிடித்து நின்றாள். பக்கத்தில் கழிவறை கழுவும் அசிட் போத்தல்.

"புதுக்கல்லு பக்கத்தில வந்தா இது மஞ்சளாத் தெரியும். அதான் வெளுக்கப் போறன்" என்றான்.

"அது ஐதரோக்குளோரிக் அமிலம், கிளென். மார்பிளுக்கு ஊத்தக்கூடாது. கல்லு போயிரும்."

"கல்லு எங்க போற? பஸ் பிடிச்சா?"

றொஷெல் சிரித்தாள். "ரீச்சர் பாடம் தொடங்கிட்டா."

மவுறீன் ஒருமுறைதான் சொல்வாள். வகுப்பிலும் அப்படித்தான். தள்ளி நின்றாள்.

கிளென் ஊற்றினான். கல் சீறி நுரைத்தது. "பாருங்க மச்சாள், அழுக்கு எப்பிடிக் கொதிச்சு வருது" என்று மகிழ்ந்துபோய் இன்னும் ஊற்றினான். அழுக்கு கொதிக்கவில்லை. கல்லே காபனீரொட்சைட்டாகிக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. அவன் பிறஷால் உரஞ்ச உரஞ்ச, மிச்சமும் சீனியாக உதிர்ந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது, வாவிக் காற்றில் ஏற்கனவே தேய்ந்திருந்த எழுத்துகளில் பாதி இல்லை. அடிலின் என்ற தாயின் பெயரை இனித் தெரிந்தவர்கள்தான் வாசிக்கலாம்.

றொஷெல் குடையைத் தாழ்த்தினாள். "கிளென், மம்மாட பேர் எங்க?"

அவன் விரலால் தடவிப் பார்த்தான். ஐம்பது தாண்டிய ஆம்பிளையின் முகம் அழப்போகும் பிள்ளையின் முகமாயிற்று. மவுறீனுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. தாயின் பெயரைக் கரைத்துவிட்டு, அக்கா ஆக்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான் என்பது அவன் கண் மதிலோரச் சாக்குக்குப் போனபோதே தெரிந்தது.

"மச்சாள்... அண்ணனுக்கெண்டு எடுத்த கல்ல மம்மாவுக்கு வெட்டுவமா?"

"மறுகா உன்ட அண்ணனுக்கு?"

"உங்கட அந்தக் கல்லையே வைங்களன்."

"எந்தக் கல்ல?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். "கரடியனாத்துக் கல்ல."

"அம்மிக்கல்ல" என்று திருத்தினாள் மவுறீன்.

பின்னேரமே கல் வந்து ஹேர்பர்ட்டின் தலைமாட்டில் நின்றது. தூக்கி வந்தவர்களின் சேற்றுக் கைகள் அதில் பதிந்திருந்தன. கிளென் பழக்கதோசத்தில் போத்தலை எடுத்துவிட்டு, அப்படியே நின்று அவளைப் பார்த்தான்.

"ஊத்து" என்றாள்.

பயந்து பயந்து கொஞ்சம் சாய்த்தான். மிச்ச அசிட் வெள்ளை வரியிலும் கறுப்பு வரியிலும் வழிந்து, பெயரின் எழுத்துகளுக்குள் இறங்கி, மண்ணில் சொட்டியது. நுரை இல்லை, சீறல் இல்லை. கிளென் குனிந்து காதைக்கூடக் கொடுத்துப் பார்த்தான்.

"என்னத்துக்குக் காத்திருக்கிறாய்?" என்றாள் மவுறீன். "உன்ட அண்ணன் எப்பவாவது உடனே பதில் சொன்ன மனுசனா?"

அவர்கள் போன பிறகு வாளியில் தண்ணீர் மொண்டு கல்லைக் கழுவினாள். பிறகு அங்கேயே நின்றாள். மறுநாளும் வந்தாள்.