ரெண்டும் வேறதான்

யாராவது "எட்டுக்கால் பூச்சி" என்று சொல்லிவிட்டால் போதும், வாயில் சோறு இருந்தாலும் கையை உயர்த்திவிடுவார். "பூச்சிக்கு ஆறு கால்தாங்க. சிலந்தின்னு சொல்லுங்க, இல்லேன்னா அதுக்கு மனசு கஷ்டப்படும்." அருங்காட்சியக மாடியில் சிலந்திகளை இனம் பிரித்து வைப்பது அவர் வேலை. எங்களுக்கெல்லாம் சிலந்தியக்கா. பக்கத்து அறையில் நான் வண்டுகளோடு குடித்தனம் நடத்துகிறேன்.

அவர் கைப்பையில் சீப்பு இருக்காது. மூடி போட்ட குட்டிக் குப்பிகள் ஆறேழு இருக்கும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். "நான் எங்க பாத்தேன்? மேல மூலையில ஒருத்தி முட்டை வெச்சிருந்தா!"

அவருக்கு ஒரே ஒரு தீராத வழக்கு. இரண்டு இழுப்பறை நிறையத் தாவும் சிலந்திகள். நிறம், கண் வரிசை, கால் முள் எல்லாம் அச்சு அசல் ஒன்று. ஆண்களின் வாயோரக் குட்டிக் கைகளில் மட்டும், ஒரு வகைக்கு ஒற்றைக் கொக்கி, மற்றதற்கு இரட்டை. "ரெண்டும் வேறதான். அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கங்க" என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்தார். கொக்கி மாட்டுகிற குழி பெண்ணின் வயிற்றடியில் இருக்கும்; இரட்டைக் கொக்கிக்குப் பொருந்தும் பெண்தான் அகப்படவில்லை. அதற்குள் வெளியூர் நிபுணர் ஒருவர், இரட்டைக் கொக்கி வெறும் பிறவிக் கோளாறு, இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள் என்று எழுதிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அப்படிச் சேர்க்கும் உத்தரவில் கையெழுத்துப் போட அருங்காட்சியக இயக்குநர் எங்களைக் கீழே கூப்பிட்டார். சிலந்தி என்றாலே நடுங்குகிற மனிதர். அக்கா வாதாடி ஓய்ந்து, கண் கலங்கி நின்றார். திடீரென்று குரல் மாறியது.

"சார், அசையாதீங்க."

"ஏன்மா?"

"உங்க காலர்ல ஒருத்தி உக்காந்திருக்கா. நம்ம தாவுற கூட்டம்தான்."

இயக்குநர் சிலையானார். பேனா உருண்டு விழுந்தது. அக்கா அவளைக் குப்பியில் பிடித்து மாடிக்கு ஓடினார், பின்னால் நான், எனக்கும் பின்னால், கழுத்தைத் தட்டிக்கொண்டே இயக்குநர்.

பஞ்சால் மெல்ல அணைத்து, வயிற்றடியை லென்ஸுக்குக் காட்டினார். ஒற்றைக் கொக்கி வகைப் பெண்ணுக்கு அங்கே சின்னத் தகட்டில் ஒரே குழி. இவளுக்கு இரண்டு!

"ரெண்டு சார்! ரெண்டு!" அக்கா குதித்த குதியில் என் வண்டுப் பெட்டிகள் அதிர்ந்தன. இயக்குநர் பயத்தை மறந்து லென்ஸில் கண்ணை வைத்தார். "அட, ஆமா!" என்றவர் தாமும் ஒரு குதி குதித்தார். "அந்த உத்தரவக் கிழிச்சுப் போடுறேன். நீங்களே புது இனத்துக்குப் பேர் வைங்க."

"பேரு இருக்கட்டும் சார். இவளுக்கு ஜோடி இருக்கும்ல?"

அக்கா இரண்டு விரலால் அவர் காலரைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார்.